புதுச்சேரியில் கணினியும் நகல் வட்டும் கட்டற்ற மென்பொருளும்

புதுச்சேரியின் கணினி வரலாற்றில் மூன்று இழைகள் உண்டு. 1990-களில் இங்கே வந்த கணினி ஆலைகள் ஒன்று. கடைகளிலும் அச்சகங்களிலும் வேரூன்றிய மென்பொருள் நகலெடுப்பு இன்னொன்று. அதற்கு மாற்றாகப் பின்னால் கிளம்பிய கட்டற்ற மென்பொருள் இயக்கம் மூன்றாவது. மூல நிரலைப் படிக்கவும் மாற்றவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை தரும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள். திறமூல மென்பொருள் என்றும் இதைச் சொல்வதுண்டு. ஊரில் பலர் கணினி கற்றது முதலில் நகல் வட்டிலிருந்துதான். இந்த உண்மையை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டையும் எழுத முடியாது.

ஆலைகள்

பின்தங்கிய பகுதிகளுக்கான வருமான வரி விலக்கும் யூனியன் பிரதேசத்தின் குறைந்த விற்பனை வரியும் கணினி நிறுவனங்களைப் புதுச்சேரிக்கு இழுத்தன. எச்சிஎல் சேதராப்பட்டில் ஆலை வைத்தது. விப்ரோவும் ஏசரும் வந்தன. ஐபிஎம் நடத்திவந்த ஆலை, 2005-இல் அதன் கணினிப் பிரிவை லெனோவா வாங்கியபோது லெனோவாவின் கைக்குப் போனது. உலக அளவில் பெரிய கைமாற்றம் ஒன்றின் ஒரு துண்டு இப்படிப் புதுச்சேரியிலும் நடந்தது.

தாய்ப்பலகை, வட்டு, நினைவகம் எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. இங்கே பூட்டி, மணிக்கணக்கில் ஓடவிட்டுச் சோதித்து, பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். 2003-இல் மத்திய அரசு உத்தராகண்டுக்கு உற்பத்தி வரி விலக்கு அறிவித்ததும் எச்சிஎல்லும் விப்ரோவும் அங்கேயும் ஆலை திறந்தன. சலுகையை நம்பி வந்த தொழில் சலுகை இருக்கும் பக்கம் நகர்வதில் வியப்பில்லை. லெனோவா புதுச்சேரியில் தொடர்ந்து நிலைத்தது.

நகல் வட்டுக் காலம்

விலை குறைய வேண்டும் என்பதற்காகக் கணினியை விண்டோஸ் இல்லாமல், டாஸ் அல்லது ஏதோ ஒரு லினக்ஸ் மட்டும் போட்டு விற்பது அன்றைய வழக்கம். சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிவந்து பூட்டிய பெட்டியில் அதுவும் இருக்காது. பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகு கடைக்காரர், “எக்ஸ்பி போட்டுத் தரட்டுமா சார்? ஆபீஸ், போட்டோஷாப், தமிழ் ஃபான்ட் எல்லாம் சேர்த்தே போட்டுடறேன்” என்பார். மேல்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதிய வட்டு, அதன் உறையில் இருபத்தைந்து எழுத்துச் சாவி. தெருவில் பாதிக் கணினிகளுக்கு அதே சாவிதான். வாங்குபவர் கண்ணில் இது திருட்டு இல்லை, கடைக்காரர் செய்யும் உபகாரம்.

சட்டம் வேறு சொன்னது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தம், உரிமமற்ற நகல் என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதித்தது. ஆதாயத்துக்காகவோ வணிகத்துக்காகவோ இல்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம் என்ற தளர்வும் அதிலேயே உண்டு. நடைமுறையில் வீட்டுக் கணினியை யாரும் தொட்டதில்லை. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏவின் மதிப்பீட்டில், 2000-களின் நடுவில் இந்தியாவில் நிறுவப்பட்ட மென்பொருளில் 70 விழுக்காட்டுக்கு மேல் உரிமமற்றது. 2017-இல் அது 56. விற்பவர்களே போட்ட கணக்கு என்பதை மனத்தில் வைத்தே இதைப் படிக்க வேண்டும். ஆனால் போக்கு அதுதான் என்பதில் ஐயமில்லை.

பில் கேட்ஸ் 1976-இல் கணினிப் பொழுதுபோக்காளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, தம் பேசிக் நிரலைக் காசு கொடுக்காமல் நகலெடுப்பதைத் திருட்டு என்று கண்டித்தார். அவரே 1998-இல் சீனாவைப் பற்றிப் பேசும்போது, எப்படியும் திருடுவார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும், பழகிவிட்டால் பின்னால் வசூலித்துக்கொள்ளலாம் என்ற பொருளில் பேசினார். கட்டற்ற மென்பொருளுக்கு இந்தியாவில் உண்மையான போட்டி நகல் விண்டோஸ்தான். காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் அந்தப் போட்டியில் இல்லவே இல்லை. விலை இரண்டுக்கும் ஒன்றுதான்: சுழியம். அப்படியிருக்க, பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரியாததை யார் எடுப்பார்கள்?

கட்டற்ற இயங்குதளமான லினக்ஸ் பக்கமும் குறை இருந்தது. தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த நாளில், மலிவான உள் மோடம்கள் பல விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. லினக்ஸ் போட்டால் இணையம் போய்விடும். இணையம் இல்லாமல் மோடத்துக்கான நிரலை எங்கே தேடுவது? லினக்ஸ் வட்டுகள் மாத இதழ்களின் இணைப்பாகவும், 2005 முதல் 2011 வரை உபுண்டு லினக்ஸை வெளியிடும் நிறுவனம் கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக அஞ்சலில் அனுப்பியதாலும் சிற்றூர்கள் வரை வந்து சேர்ந்தன.

அச்சகங்களும் எழுத்துருவும்

நகல் மென்பொருள் இல்லாமல் தொழிலே நடக்காத இடம் டிடிபி கடை. திருமண அழைப்பிதழ், கட்சித் துண்டறிக்கை, கல்லூரி ஆய்வேடு எல்லாம் பேஜ்மேக்கரில்தான் தயாராயின. அதில் பயன்பட்ட தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. எந்த எழுத்து எந்த இடத்தில் என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி: ஸ்ரீலிபிக்கு ஒன்று, வானவில்லுக்கு ஒன்று, பாமினிக்கு ஒன்று. எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பைதான் தெரியும். அதனால் பென்டிரைவோடு வருபவரிடம் அச்சகத்தில் கேட்கும் முதல் கேள்வி, “ஃபான்ட் கொண்டாந்திருக்கீங்களா?” ஒவ்வொரு கோப்போடும் உரிமமுள்ள எழுத்துரு ஒன்று உரிமமில்லாத கணினிக்குப் போனது. இதற்கு அச்சகத்தாரை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. பொதுக் குறியேற்றம் ஒன்று இல்லாததே நகலெடுப்பைக் கட்டாயமாக்கியது.

இந்தச் சிக்கலை அவிழ்க்கத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தமிழர்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகத் தந்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியால் 1997-இல் நடந்த தமிழ்நெட் மாநாடு குறியேற்றத்தைப் பொதுப் பேச்சாக்கியது. பிறகு டிஸ்கி என்ற குறியேற்றம் ஒரு பக்கம், 1999-இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் மறுபக்கம். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுக் குறியேற்றமான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியாயிற்று. சாதாரணப் பயனரின் கைக்கு அது வந்தது விண்டோஸ் 2000-இன் லதா எழுத்துருவோடுதான். அரசு அலுவல்களுக்கு யூனிகோடை ஏற்கும் தமிழ்நாடு அரசாணை 2010-இல் வந்தது. அழகி, இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற விலையில்லாத் தட்டச்சுக் கருவிகள் நகல் எழுத்துருவின் தேவையை இணையத்தில் ஏறக்குறைய இல்லாமலாக்கின.

அச்சகத்தில் அது நடக்கவில்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். 2004-இல் அடோபி அதன் வளர்ச்சியை நிறுத்தி இன்டிசைனைக் காட்டியது. அதாவது நேர்மையாக இருக்க நினைத்தவருக்கும் வளர்ச்சி நின்றுபோன பொருளாயிற்று பேஜ்மேக்கர். திறமூல மாற்றான ஸ்கிரைபஸ், கொம்பும் காலும் உரிய இடத்தில் விழும்படி இந்திய எழுத்துகளைக் கோக்கக் கற்றுக்கொண்டது 2017-இல் வெளியான 1.5.3 பதிப்பில்தான். பல ஆண்டுகள் திறமூல உலகம் அச்சகத்தாருக்கு அறிவுரை மட்டுமே தந்தது, கருவி தரவில்லை. யூனிகோடில் தட்டி, மாற்றியில் போட்டு, பழைய குறியேற்றத்துக்குக் கொண்டுவந்து பேஜ்மேக்கரில் ஒட்டும் வேலை இன்னும் நின்றபாடில்லை.

பாரதி முன்னுதாரணம்

எல்லை தாண்டும் நகல் புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1908-இல் சென்னையிலிருந்து, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்த சுப்பிரமணிய பாரதி இங்கிருந்து வெளியிட்ட ‘இந்தியா’ இதழை பிரிட்டிஷ் ஆட்சி தன் எல்லைக்குள் வரவிடாமல் தடுத்தது. 1910-இல் இதழ் நின்றுபோனது. ஒரே தாள், சுங்கச் சாவடிக்கு இந்தப் பக்கம் சட்டபூர்வம், அந்தப் பக்கம் குற்றம்.

அவரது எழுத்தின் உரிமை பின்னர் பட்ட பாடு இன்னும் பொருத்தமானது. பாரதி மறைந்த பிறகு நூல் உரிமை அவரது தம்பி சி. விசுவநாதனிடமும், பாடல்களின் இசைத்தட்டு, திரைப்பட உரிமை கைமாறித் திரைப்படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனிடமும் இருந்தன. பாரதி பாட்டை மேடையில் பாடவும் படத்தில் வைக்கவும் அனுமதி கேட்க வேண்டிய நிலை. அதை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்து, 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கியது. பிறகு எல்லோரும் பதிப்பிக்கலாம் என்றாயிற்று. ஓர் எழுத்தாளரின் உரிமையை அரசே வாங்கி மக்களுக்கு விடும் இந்த நாட்டுடைமை முறை தமிழ்நாட்டில் வழக்கமாகவே நிலைத்தது. புதுச்சேரிக்காரரான பாரதிதாசனின் நூல்களும் அவ்வாறே நாட்டுடைமையாயின.

1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் இந்த வயலில்தான் அறுவடை செய்தது. சங்க நூல் முதல் பாரதி, பாரதிதாசன் வரை தன்னார்வலர்கள் தட்டச்சிட்டு இணையத்தில் வைத்தார்கள். யாரும் வழக்குப் போட முடியாது.

நாட்டுடைமையும் கட்டற்ற உரிமமும் ஒன்றல்ல. நாட்டுடைமை நூலைப் பதிப்பகத்தார் எடுத்து அச்சிட்டு, வாங்கியவருக்கு எந்த உரிமையும் தராமல் விற்கலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்தின் ஜிபிஎல் உரிமம் அப்படி விடாது: மாற்றி வெளியிட்டால் மூல நிரலையும் அதே உரிமையோடு தர வேண்டும். தமிழ் எழுத்துருத் துறை இந்த வேறுபாட்டை மெதுவாகத்தான் புரிந்துகொண்டது. 1990-களின் எழுத்துருக்களில் பல, காசில்லாமல் கிடைத்தாலும் திருத்த உரிமை தரவில்லை. உருவாக்கியவர் ஒதுங்கினால் எழுத்துருவும் அதோடு சரி. லோகித் தமிழ், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் வந்தபோதே அந்த நிலை மாறியது.

இயக்கம்

தமிழ்நாட்டில் அரசுத் துறையில் பெரிய முயற்சி மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டினுடையது. சி. உமாசங்கர் ஐஏஎஸ் அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அலுவலகக் கணினிகள் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறின. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போடப்பட்டது. மாணவர்கள் பாஸைத் திறந்ததைவிட அழித்ததே அதிகம் என்பது பரவலான பேச்சு. கற்பிக்க ஆசிரியரைத் தயார்செய்யாமல் மென்பொருளை மட்டும் கொடுத்ததன் விளைவு அது. பள்ளி ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்த கேரளம் இதில் வெகுதூரம் முன்னே போனது.

புதுச்சேரியில் வேலை நடந்தது கல்லூரி மாணவர்களிடையே. இங்குள்ள கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம், அகில இந்தியக் கூட்டமைப்பான எஃப்எஸ்எம்ஐயின் உறுப்பு. மற்ற ஊர் அமைப்புகள் மென்பொருளோடு நிறுத்திக்கொள்ள, கணினி ஆலை இருக்கும் ஊரின் அமைப்பு வன்பொருளையும் பெயரில் சேர்த்துக்கொண்டது. தற்செயலோ என்னவோ, பொருத்தமான பெயர். அண்டை ஊரான விழுப்புரத்தின் லினக்ஸ் பயனர் குழு 2023 ஜனவரியில் டெபியன் சிறு மாநாட்டை அங்குள்ள பொறியியல் கல்லூரியில் நடத்தியது. தமிழில் எழுதும் பணியைக் கணியம் இதழும் (2012) அதன் நண்பர்கள் நடத்தும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளமும் (2013) கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் செய்துவருகின்றன.

படத் திருட்டும் நீதிமன்றமும்

மென்பொருள் நகலைக் கண்டுகொள்ளாத அரசுகள் திரைப்பட நகலை அப்படி விடவில்லை. 2004-இல் தமிழ்நாடு தன் குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தது. திருட்டு விசிடி விற்றவரை விசாரணையில்லாமல் ஓராண்டு வரை அடைத்துவைக்கலாம். அந்தச் சட்டத்தின் எல்லை தமிழ்நாட்டோடு முடிகிறது. எல்லையில் தமிழ்நாட்டுப் பக்கமுள்ள கோட்டக்குப்பத்தில் பொருந்துவது, அடுத்து வரும் புதுச்சேரியின் முத்தியால்பேட்டையில் பொருந்தாது.

உயர் நீதிமன்றம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். 2012-இல் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பெயர் தெரியாத பிரதிவாதிகள்மீது தடையாணை பிறப்பித்தது. இணையச் சேவை நிறுவனங்கள் அதைக் காட்டி விமியோ போன்ற முழுத் தளங்களையே முடக்கின. முறையான லினக்ஸ் வட்டுகளும் பரிமாறப்படும் டாரன்ட் தளங்களும் அதில் அடிபட்டன. அதே ஆண்டு ஜூனில், குறிப்பிட்ட பக்க முகவரிகளை மட்டுமே தடுக்கலாம் என்று நீதிமன்றம் ஆணையைத் திருத்தியது. 2023-இன் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் திரையரங்கில் படத்தைப் பதிவு செய்பவருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாயில் தொடங்கித் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை அபராதமும் வைத்தது. இது மத்தியச் சட்டம் என்பதால் கோட்டக்குப்பம், முத்தியால்பேட்டை இரண்டுக்கும் ஒரே விதி.