மினிடிஸ்க் பதிவுகளைக் கணினிக்கு மாற்றிய வரலாறு

மினிடிஸ்க் என்பது சோனி நிறுவனம் 1992-ஆம் ஆண்டின் இறுதியில் சப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஜிட்டல் ஒலிப்பதிவு வட்டு ஆகும். 64 மி.மீ. விட்டமுள்ள வட்டு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கியிருக்கும். அதற்குரிய பதிவுக் கருவி சட்டைப்பையில் கொள்ளும் அளவுக்குச் சிறியது. வானொலிச் செய்தியாளர்கள், இசைக்கலைஞர்கள், வாய்மொழி வரலாறு சேகரிப்பவர்கள் எனப் பலர் கேசட்டை விட்டு இதற்கு மாறினர். கருவி ஒலியை எண்களாகப் பதிகிறது. கணினியும் எண்களைக் கொண்டே இயங்குகிறது. ஆயினும் ஒருவர் தம் மினிடிஸ்க்கில் பதிந்த குரலைக் கணினிக்குள் நேரடியாகக் கொண்டுசெல்லும் வழி 2004 வரை பயனருக்குத் தரப்படவில்லை. பழைய வகைப் பதிவுகளுக்கு அது 2006-இல்தான் கிடைத்தது. தொழில்நுட்பக் குறையைவிட, இசைப்பதிவு நிறுவனங்களின் அச்சமே இத்தாமதத்துக்குப் பெரிய காரணம்.

பின்னணி

1987-இல் சோனி, டாட் எனப்படும் டிஜிட்டல் ஒலிநாடாவை வெளியிட்டது. கேசட்டில் படிக்குப் படி எடுத்தால் இரைச்சல் கூடிக்கொண்டே போகும். அதுவே ஓர் இயற்கையான தடையாக இருந்தது. டாட் நாடாவிலோ நூறாவது படியும் மூலத்தைப் போலவே இருக்கும். இசை நிறுவனங்கள் கலங்கின. பாடலின் ஒலியலையில் ஒரு குறுகிய அலைவரிசைப் பட்டையை வெட்டியெடுத்துவிட்டு, அந்த வெட்டைக் கண்டால் கருவி பதிவை நிறுத்திவிட வேண்டும் என்ற காப்பிகோட் திட்டத்தை சிபிஎஸ் ரெக்கார்ட்ஸ் முன்வைத்தது. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 1988-இல் அதைச் சோதித்தபோது, அது தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றும் இசையின் தரத்தையும் கெடுக்கிறது என்றும் தெரியவந்தது. அதே 1988-இன் தொடக்கத்தில் சிபிஎஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தையே சோனி விலைக்கு வாங்கியிருந்தது. கருவி செய்பவரும் பாடல் விற்பவரும் ஒரே கூரையின் கீழ் வந்தனர். இதற்குப் பின் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி மிகவும் உதவும்.

1989-இல் ஏதென்சில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி எஸ்சிஎம்எஸ் என்ற படியெடுப்புக் கட்டுப்பாடு உருவானது. இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு மாணவரின் குறிப்பேட்டைப் பார்த்து மற்றொருவர் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த இரண்டாவது குறிப்பேட்டைப் பார்த்து மூன்றாமவர் எழுதக்கூடாது. டிஜிட்டல் ஒலியோடு சேர்ந்து செல்லும் சிறு குறியீடு ஒன்று இந்த விதியைக் கருவிக்குச் சொல்லும். 1992-இல் அமெரிக்கா இயற்றிய வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. தொழில்முறைக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. பேச்சை மட்டும் பதிவதற்கான அலுவலகக் கருவிகளுக்கும் விலக்கு உண்டு. வீட்டுக் கருவிக்கு இல்லை.

இங்கேதான் சிக்கல். ஒலிவாங்கி வழியாக வரும் குரல் பயனரின் சொந்தக் குரலா, பக்கத்து அறையில் ஒலிக்கும் இசைத்தட்டா என்று கருவிக்குத் தெரியாது. ஆகவே தன் பாட்டியின் தாலாட்டைப் பதிந்தவரும் பிறர் பாடலைப் படியெடுப்பவராகவே நடத்தப்பட்டார்.

கம்பி வழி மாற்றம்

பெரும்பாலான கையடக்க மினிடிஸ்க் கருவிகளில் டிஜிட்டல் ஒலி உள்ளே செல்லத் துளை இருந்தது. வெளியே வர இல்லை. எனவே 1990-களில் இருந்த பொதுவழி ஒன்றே. கருவியின் காதொலிப்பான் துளையிலிருந்து 3.5 மி.மீ. செருகிகள் கொண்ட கம்பியைக் கணினி ஒலியட்டையின் நீலநிறத் துளையில் செருகி, கருவியைப் பாடவிட்டு, கணினியில் மீண்டும் பதிய வேண்டும். எண்களாக இருந்த ஒலி மின்னலையாக மாறி, மறுபடியும் எண்களாக மாறும். இதற்கு நேரத்துக்கு நேரம் தேவை. 74 நிமிட வட்டுக்கு 74 நிமிடம். ஒலி அளவை அதிகமாக வைத்தால் உரத்த இடங்கள் சிதையும்; குறைத்து வைத்தால் ஒலியட்டையின் இரைச்சல் மேலெழும். கருவியும் கணினியும் வெவ்வேறு மின்இணைப்பில் இருந்தால் 'ஊம்' என்ற ஓசை சேர்ந்துகொள்வதும் உண்டு. பலர் அதனாலேயே கருவியைப் பேட்டரியில் இயக்கினர்.

முழு வட்டு ஒன்று கணினியில் சுமார் 780 மெகாபைட் இடத்தைப் பிடித்தது. வன்தட்டின் கொள்ளளவே சில கிகாபைட்டாக இருந்த காலம் அது. மேலும், வட்டில் பயனர் இட்டிருந்த தலைப்புகளும் பிரிவுக் குறிகளும் கம்பி வழியே வருவதில்லை. முழுப் பதிவும் ஒரே நீண்ட கோப்பாக வந்து நிற்கும். எங்கே யார் பேசத் தொடங்கினார் என்று மறுபடியும் கேட்டுப் பிரிக்க வேண்டும்.

வட்டுக்கு வேறொரு பலவீனமும் இருந்தது. எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்ற உள்ளடக்கப் பட்டியலைக் கருவி பதிவின் முடிவில்தான் எழுதும். அதற்குள் மின்சாரம் நின்றால், ஒலி வட்டில் இருந்தும் கருவியால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒருவழிப் பாதை

2001-இல் நெட்-எம்டி என்ற வகை வந்தது. கருவியில் யூஎஸ்பி துளை இருந்ததால் பயனர்கள் மகிழ்ந்தனர். ஆனால் அது கணினியிலிருந்து வட்டுக்குப் பாடலை அனுப்பும் பாதை மட்டுமே. நூலகத்தில் புத்தகம் இரவல் பெறுவதுபோல, ஒரு பாடலை மூன்று முறை வரை வட்டுக்கு அனுப்பலாம். திருப்பி ஒப்படைத்தால் எண்ணிக்கை மீளும். ஒலிவாங்கியில் பதிந்ததை அதே கம்பி வழியாகக் கணினிக்கு எடுக்க வழியில்லை. 1999-இலேயே ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், டயமண்ட் நிறுவனத்தின் ரியோ எம்பி3 கருவி மேற்கண்ட 1992 சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்திருந்தது. ஆப்பிளின் ஐபாடு வந்ததும் 2001-இல்தான். சந்தை திறந்துகொண்டிருந்த நேரத்தில் சோனி கதவைச் சாத்தியே வைத்திருந்தது.

2004-இல் வந்த ஹை-எம்டி ஒரு கிகாபைட் வட்டில் சுருக்கப்படாத ஒலியைப் பதிந்தது. சொந்தப் பதிவை யூஎஸ்பி வழியே ஏற்றவும் இடம் தந்தது. ஆனால் சோனிக்ஸ்டேஜ் என்ற மென்பொருள் வழியாகத்தான், தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான். ஏற்றிய கோப்பும் அந்தக் கணினியோடு பூட்டப்பட்டிருந்தது. கணினி பழுதாகி இயங்குதளத்தை மீண்டும் நிறுவியவர்கள், கோப்பு கண்முன் இருந்தும் திறக்க முடியாமல் தவித்தனர். பயனர்களின் முறையீட்டுக்குப் பின் இக்கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. 2006-இல் வந்த எம்இசட்-ஆர்எச்1 கருவிதான் 1992 முதலான பழைய வட்டுகளையும் கணினிக்கு ஏற்றியது. சோனியின் கடைசி கையடக்க மினிடிஸ்க் பதிவுக் கருவியும் அதுவே. இன்று பழைய பொருள் சந்தையில் அதற்கு நல்ல விலை இருப்பது இந்த ஒரு வசதிக்காகவே.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2005, 2006-இல் வந்த எம்-ஆடியோ மைக்ரோட்ராக், எடிரால் ஆர்-09, சூம் எச்4 போன்ற கருவிகள் நினைவக அட்டையில் சாதாரண வேவ் கோப்பாகப் பதிந்தன. கணினியில் செருகினால் அட்டை ஒரு கோப்புறையாகத் தெரியும். ஒரு மணி நேரப் பதிவு சில நிமிடங்களில் வந்துவிடும். பூட்டு எதுவும் இல்லை. ஒன்று மட்டும் மாறியது. மினிடிஸ்க் காலத்தில் வட்டு அலமாரியில் மூலமாகத் தங்கியது. நினைவக அட்டையையோ அடுத்த பதிவுக்காக அழித்துவிடுவார்கள். கணினியில் உள்ள படியே மூலமாகிவிட்டது.

இன்றைய நிலை

மினிடிஸ்க் இயந்திரங்களின் விற்பனையைச் சோனி 2013-இல் நிறுத்தியது; வெற்று வட்டுகளின் உற்பத்தியும் 2025 பிப்ரவரியில் முடிந்தது. இதற்கிடையே தன்னார்வ நிரலாளர்கள், நெட்-எம்டி கருவிகள் சிலவற்றின் உள்மென்பொருளில் இருந்த ஓட்டைகளைக் கண்டறிந்து, வட்டில் உள்ள தரவை அப்படியே யூஎஸ்பி வழியாக எடுக்க வழி செய்துள்ளனர். வெப் மினிடிஸ்க் ப்ரோ என்ற செயலி இணைய உலாவியிலேயே இதைச் செய்கிறது. 2001-இல் மறுக்கப்பட்ட வேலையை அதே கருவி இப்போது செய்கிறது.

பழைய வட்டை மாற்ற முனைவோர், கருவியில் இடும் முன் உறையின் ஓரத்திலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி வைக்க வேண்டும்; அப்போது கருவியால் வட்டில் எதையும் எழுத முடியாது. மினிடிஸ்க் ஒலி ஏற்கனவே அட்ராக் முறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டது. அதை எம்பி3 ஆக மீண்டும் சுருக்கினால் தரம் மேலும் குறையும். எனவே வேவ் கோப்பாக வைப்பது நல்லது. எடுத்த மூல அட்ராக் கோப்பையும் அழிக்காமல் வைக்கலாம். வட்டின் ஒட்டுத்தாளில் பேனாவால் எழுதிய பெயர், ஊர், நாள் ஆகியவை கோப்போடு வருவதில்லை; அவற்றைக் கோப்பின் பெயரில் அன்றே தட்டச்சு செய்துவிட வேண்டும்.