முதியோர் என்னும் நுகர்வோர்: அமெரிக்க வணிகத்தில் ஓர் எல்லைக்கோட்டின் வரலாறு

மனிதன் எந்தப் பிராயத்தில் முதியவனாகிறான் என்ற வினாவுக்கு வைத்தியரும் தத்துவ ஞானியரும் வெவ்வேறு விடைகள் கூறியிருப்பினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைமுறையில் வேரூன்றிய விடையைத் தந்தது 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமே. பிஸ்மார்க் காலத்து ஜெர்மனியில் 1889இல் 70 என்று விதிக்கப்பட்டு 1916இல் 65ஆகக் குறைக்கப்பட்ட வயதெல்லை முன்னரே இருந்தது எனினும், அமெரிக்கர் 65ஐத் தேர்ந்தது மாகாணங்களில் அப்போது வழங்கிய உபகாரச் சம்பளத் திட்டங்களையும் நிதிக் கணிப்புகளையும் ஆதாரமாகக் கொண்டே. பொக்கிஷக் கணக்குக்காக இட்ட இக்கோட்டையே, மனித சுபாவத்தின் எல்லையெனக் கருதி, வியாபாரிகள் பிற்காலத்தில் கைக்கொண்டனர்.

முதியோரைத் திரட்டி வாங்குவோராக்கிய முதல் பெருமுயற்சி, வியாபாரிகளுடையதன்று. கலிபோர்னியாவில் உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற எதெல் பெர்சி ஆண்ட்ரஸ் அம்மையார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரின் ஜீவனம் வறுமையில் கழிவதைக் கண்டு மனம் நொந்து, 1947இல் அவர்களுக்கெனச் சங்கம் நிறுவினார். முதியவர்களை ஏற்க மறுத்த காப்புறுதி நிறுவனங்கள் பலவற்றின் வாயிலில் நின்று, கடைசியில் ஒரு முகவரின் துணையால் கூட்டுக் காப்புறுதியைப் பெற்றுத் தந்த அவர், 1958இல் எல்லாத் தொழிலினர்க்கும் உரிய சங்கமொன்றை நிறுவினார். அதில் சேரும் வயது பின்னர் 50ஆகக் குறைந்தது. உத்தியோகத்திலிருப்போர் பலர் அங்கத்தினராயினமையால், 1999இல் ‘ஓய்வுபெற்றோர்’ என்ற சொல் நீங்கச் சங்கம் தன் பெயரை ‘ஏ.ஏ.ஆர்.பி.’ என்னும் எழுத்துகளாகவே சுருக்கிக்கொண்டது.

நிறுவனங்கள் கற்ற பாடம் வேறு. பல்லிழந்த முதியோர் குழந்தைகளுக்கான மசித்த உணவை வாங்குவதைக் கண்ட ஹெயின்ஸ் நிறுவனம், 1955இல் முதியோர்க்கென்றே மென்மையான உணவை டப்பாவில் அடைத்து விற்க முற்பட்டுத் தோல்வியடைந்தது. பேரக்குழந்தைக்கென்று சொல்லி ஒன்றை வாங்கிவிடலாம். தன் தளர்ச்சியைச் சீட்டொட்டிப் பறைசாற்றும் டப்பாவைக் கடைக்காரர் முன் எடுத்து வைக்க எவருக்கு மனம் வரும்? மாறாக, அரிசோனாப் பாலைநிலத்தில் கட்டட அதிபர் டெல் வெப் எழுப்பிய ஓய்வுபெற்றோர் குடியிருப்பான சன் சிட்டி, 1960 ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்டபோது, சில நாட்களில் ஏறத்தாழ 1,00,000 பேர் காண வந்தனர். அங்கே விற்கப்பட்டவை கோல்ஃப் மைதானமும் நீச்சற்குளமும் நண்பர் குழாமும், உடற்குறையின் நினைவூட்டலன்று. என் கருத்தில், பின்னாளைய ஆராய்ச்சிகள் கண்ட உண்மை இவ்விரு நிகழ்ச்சிகளிலேயே முழுமையாக அடங்கியிருந்தது.

சிகாகோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை பெர்னிஸ் நியூகார்டன் 1974இல், 55 முதல் 75 வயது வரையுள்ளோரை ‘இளமுதியோர்’ என்றும் அதன் மேற்பட்டோரை ‘மூத்த முதியோர்’ என்றும் பிரித்து, சுகமும் பொருளும் ஓய்வும் படைத்த முற்கூறிய பிரிவினரைச் சமூகம் கவனிக்குமாறு செய்தார். 1981இல் பராக், ஷிஃப்மன் என்னும் ஆய்வாளர்கள் பிறந்த தேதியை அறவே விடுத்து, ஒருவர் தாம் எந்த வயதினராக உணர்கிறார், தோன்றுகிறார், செயற்படுகிறார், எவ்வயதினரின் விருப்பங்களை உடையவர் என நான்கு வினாக்களால் வயதை அளந்தனர். இதன் பின்னரும், தொலைக்காட்சி விளம்பர நேரம் 18 முதல் 49 வயது வரையுள்ள நேயர்களின் தொகையைக் கொண்டே பெரும்பாலும் விலைபேசப்பட்டது. கையில் சேமிப்பும் கடனற்ற வீடும் உடைய ஐம்பது வயதினர் அக்கணக்கில் சேராமற் போனது, அவர்களுக்கு இழைத்த அநீதி மட்டுமன்று, வணிகர் தமக்கே இழைத்துக்கொண்ட நஷ்டமுமாகும்.