சாமை மீண்டும் அடுப்பேறிய கதை

நாமக்கல் மாவட்டத்தில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைமேல் ஏறினால், வல்வில் ஓரியின் சிலை நிற்கும் செம்மேட்டை அடையலாம். சுற்றுப்புறச் சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழே பேசுபவர்கள். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவை இவர்களுடைய முன்னோரின் அன்றாட உணவு. சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, சடஞ்சாமை எனப் பல வகைகள் உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் எழுந்தது. பின்னாளில் அவ்வாலைகளின் தேவை மலைமேலும் எட்டியது. மரவள்ளி கையில் காசு தந்தது. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தது. சாமைக் கொல்லைகள் சுருங்கின.

காசு ஒரு காரணம். மற்றொன்று உரல். சாமை மணி மிகச் சிறியது; அதன் உமியோ கெட்டியாக ஒட்டியிருக்கும். நெல் அரைக்கும் ஆலையில் இட்டால் மணி நொறுங்கும், அல்லது உமியோடே வெளிவரும். எனவே வயல் வேலை முடிந்து வந்த பெண்களே உலக்கையால் குத்திப் புடைத்து, மறுபடியும் குத்த வேண்டும். ஊர்மக்களுக்குச் சத்துணவுச் சொற்பொழிவு செய்தால் போதும் என எண்ணுவோர் உண்டு. சாமையின் அருமை இப்பெண்களுக்குத் தெரியாததன்று. உலக்கையின் கனமும் தெரியும், அவ்வளவுதான்!

1988-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990-களில் கொல்லிமலையில் பணியாற்றத் தொடங்கியது. பின்னர் 2001-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன், கவனிப்பாரற்ற பயிர்களுக்கான திட்டம் ஒன்றும் தொடங்கியது. சிற்றூர்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் நிறுவப்பட்டன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அவற்றை நடத்தின. அதனோடு சேர்ந்ததே உணவுச் செய்முறைப் பயிற்சி. ரவை, மாவு, மால்ட் ஆகியவற்றைப் பெண்கள் தாமே செய்து பழகினர்.

இச்செய்முறைகள் ஒவ்வொன்றிலும் ஓர் அறிவியல் பாடம் உண்டு. உமியோடு இருக்கும் சாமை நெடுநாள் கெடாது. உமி நீக்கியதோ விரைவில் காறல் வாடை அடிக்கும். ஏன்? தவிட்டிலுள்ள எண்ணெயும், அதைச் சிதைக்கும் நொதியும், உமி நீங்கும்போது ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வறுத்தால் நொதி செயலிழக்கிறது. சிறிது சிறிதாக அரைத்துப் பையிலடைத்து நாள் குறிப்பதன் காரணமும் இதுவே.

கேழ்வரகு மால்ட் இன்னும் சுவையானது. ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைகட்டி, உலர்த்தி, மிதமாக வறுத்து அரைக்க வேண்டும். முளைக்கும் தானியத்தில் உண்டாகும் அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தைச் சிறு சர்க்கரைகளாக உடைக்கிறது. வீட்டிலேயே சோதிக்கலாம்: முளைகட்டிய மாவிலும் முளைகட்டாத மாவிலும் ஒரே அளவு எடுத்து, ஒரே அளவு நீரில், சிறு தீயில் கஞ்சி காய்ச்சுங்கள். முன்னது நீர்த்திருக்கும்; பின்னது களியாக இறுகும். கைக்குழந்தையின் சிறு வயிற்றுக்கு இது பெரிய செய்தி: ஒரு கிண்ணத்துக் கஞ்சியில் கூடுதல் மாவு சேர்த்தாலும் குழந்தையால் விழுங்க முடியும். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே.

சமைத்தவர் தம் நாவால் தாமே தீர்ப்புச் சொன்னதுதான் இப்பயிற்சிகளின் வலிமை என்பது என் கருத்து. கரும்பலகையில் எழுதிய நொதியை நம்பலாம், நம்பாமலும் விடலாம்; நீர்த்த கஞ்சியைக் கண்ணால் கண்டபின் ஐயத்திற்கு இடமேது?

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, நகரத்துக் கடைகளில் சாமை விலையேறிய பண்டமாகியிருந்தது. கொல்லிமலைச் சரிவுகளில் மரவள்ளியும் இருக்கிறது. இடையிடையே சாமையும் விளைகிறது. விதையைப் பெட்டியில் பூட்டிவைத்தால் அதன் முளைப்புத் திறன் ஆண்டுக்காண்டு குறையும். மல்லியச் சாமையை யாரேனும் விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அதைச் சமைப்பவர் ஒருவர் வேண்டும்.