பிரிந்தும் பிரியா அவைகள்

சங்கம் வளர வளர அதன் கூடம் சிறிதாவது இயல்பு. நாடகம் பற்றிப் பேச வந்தோர் நூலகக் கணக்கைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருப்பதும், சிறுவர்க்குத் தமிழ் வகுப்பு வேண்டி வந்த தாய்மார் விழாச் செலவு பற்றிய வாதம் முடியுமட்டும் காத்திருப்பதும் எச்சங்கத்திலும் காணத்தக்கனவே. அப்போது, தனித்தனிக் குழுக்களாகப் பிரியலாமா, பிரிந்தால் ஒற்றுமை குலையாதா என்னும் வினா எழுகின்றது. இதற்கு விடை தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் குடியேறி வாழும் இம்மாநகரின் வரலாறே விடை கூறும்.

1784ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள், நீதிபதி சர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவினார். மொழி, சட்டம், கல்வெட்டு, வானநூல், செடிகொடி, மருத்துவம் ஆகிய யாவும் அதன் ஒரே அவையில் பேசப்பெற்றன. தொடக்கத்தில் அதுவே அதன் பெருமை. நாளடைவில் அதுவே அதன் நெருக்கடியும் ஆயிற்று. ஆகவே 1808இல் இயற்கை நூல்களுக்கு ஒன்றும், இலக்கிய வரலாற்றுத் துறைகளுக்கு ஒன்றுமாக இரு குழுக்கள் அமைக்கப்பெற்றன. ஆயினும் அமைத்த அளவில் வேலை முடிந்துவிடவில்லை. இயற்கை நூற்குழு இடையே சோர்வுற்று, 1828இல் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட வேண்டியதாயிற்று.

இதற்கிடையே பிற அவைகள் தனித்தெழுந்தன. 1820இல் வில்லியம் கேரி வேளாண்மைக்கும் தோட்டக்கலைக்குமாக ஒரு கழகம் கண்டார். 1823இல் மருத்துவர்களுக்கென ஒரு கழகம் தோன்றியது. ஆசியக் கழகத்தில் 1814இல் தொடங்கிய காட்சிச்சாலையோ பின்னர் சௌரங்கியில் இந்திய அருங்காட்சியகமாக ஓங்கியது. அதன் விலங்கியற் பகுதியினின்று 1916இல் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை பிறந்தது. இத்தனையும் பிரிந்த பின்னும் தாய்க்கழகம் வறண்டுவிடவில்லை. இன்றும் பார்க் தெருவில் நின்று நிலவுகின்றது.

பிரிவின் பயனை இன்னும் தெளிவாகக் காட்டுவது இந்திய அறிவியல் மாநாடு. அதற்கு வித்திட்ட வேதியியல் பேராசிரியர் இருவருள் சைமன்சன் என்பார் சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றியவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். மற்றவர் இலக்னோவின் மக்மஹோன். 1914 சனவரியில் சர் அசுதோஷ் முகர்ஜியின் தலைமையில், அதே ஆசியக் கழகத்தின் இல்லத்தில் முதல் மாநாடு கூடியது. வந்தவர் 105 பேர். படிக்கப்பெற்ற கட்டுரைகள் 35. எண்ணிக்கை பெரிதன்று. எனினும் முதல் மாநாட்டிலேயே வேதியியல், இயற்பியல், நிலநூல், விலங்கியல், தாவரவியல், இனவியல் என ஆறு பிரிவுகள் வகுத்தனர். இரண்டாம் மாநாடு 1915இல் சென்னையில் நடந்தது. 1929இல் மீண்டும் சென்னையில் கூடியபோது, இக்கல்கத்தாவில் பணிபுரிந்து வந்த சர் சி. வி. இராமன் தலைமை தாங்கினார்.

கூட்டம் பெருகியபோது பிரிவுகளும் பெருகின. புள்ளியியல் 1942இல் கணிதத்தோடு கூடிய பிரிவிலும், 1945இல் தனிப்பிரிவிலும் இடம் பெற்றது. அளவுமீறிப் பெருகியபோது சுருக்கவும் தயங்கவில்லை. பதினாறாகிய பிரிவுகள் 2000ஆம் ஆண்டையொட்டிப் பதினான்காக ஒழுங்கு செய்யப்பெற்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவர் உண்டு. அனைவர்க்கும் பொதுத்தலைவர் ஒருவரும், அனைவரும் கூடும் பேரவையும் உண்டு.

இதில் ஓர் இழப்பும் உண்டென்பதை மறைத்தல் கூடாது. ஒரே வேளையில் பல அறைகளில் அவை கூடின், தாவரவியலார் வேதியியலாரின் உரையைக் கேளாது போவர். நம் சங்கத்திலும் நாடகக் குழுவின் இளைஞர், நூலகத்தைப் பேணும் முதியவரை அறியாமலே ஆண்டு கழிந்துவிடக்கூடும். எனவே ஒவ்வொரு குழுவுக்கும் பொறுப்பாளர் ஒருவரும் திட்டமான பணியும் வேண்டும். எல்லாக் குழுவும் தம் பணியைக் கூறக் கூடும் பொதுநாளும் வேண்டும். முன்னது இல்லாவிடின் குழு உறங்கும். பின்னது இல்லாவிடின் சங்கம் சிதறும்.

சிப்பூர்த் தாவரத் தோட்டத்துப் பேராலமரத்தை நம்மில் காணாதார் சிலரே. நோயுற்ற அதன் நடுமரம் 1925இல் அகற்றப்பெற்றது. ஆயினும் மரம் வாழ்கின்றது. ஒவ்வொரு விழுதும் தனக்கென மண்ணைப் பற்றியிருந்தும், மேலே கிளைகளின் இணைப்பை விடவில்லை. நம் குழுக்களும் அவ்விழுதுகளைப் போல் தனித்து ஊன்றிச் சேர்ந்து தாங்குவனவாகுக.