பெருந்தச்சன் கணினிக்குள் புகுந்த கதை

“மாப்பிள்ளைக்கு என்ன வேலை?”
“ஆர்க்கிடெக்ட்டுங்க.”
“ரொம்ப நல்லதாப் போச்சு. மாடி எடுக்கணும்னு இருக்கோம், ஒரு பிளான் போட்டுத் தரச் சொல்லுங்க.”
“இல்லீங்க, இவர் கம்ப்யூட்டர்ல ஆர்க்கிடெக்ட்.”

கல்யாணப் பேச்சில் இப்படியொரு குழப்பம் வந்தால் பெண் வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட், டேட்டா ஆர்க்கிடெக்ட், என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட், சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட் என்று ஐ.டி. நிறுவனங்களின் வேலை விளம்பரங்களில் இந்தப் பெயர் வரிசை கட்டி நிற்கிறது. செங்கல்லையும் சிமெண்டையும் தொடாத ஒரு தொழிலுக்குக் கட்டடக்காரரின் பட்டம் எப்படி வந்தது? வந்தபோது அது எதைக் கொண்டுவந்தது?

பெயரின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘ஆர்க்கி’ என்றால் தலைமை. ஆர்ச்பிஷப்பைத் தமிழில் பேராயர் என்கிறோமே, அந்தப் ‘பேர்’ செய்யும் வேலையை இந்த ‘ஆர்க்கி’ செய்கிறது. ‘தெக்தோன்’ என்றால் மரவேலை செய்பவன், கட்டுபவன். ஏசுவை ஊரார் இன்னாரின் மகன் என்று பேசும் இடத்தில் நற்செய்தியின் கிரேக்க மூலம் ‘தெக்தோன்’ என்கிறது. தமிழ் விவிலியம் அதைத் ‘தச்சன்’ என்று சொல்கிறது. இந்த இரண்டு சொற்களும் தூரத்து உறவினர்கள்கூட. ‘தெக்தோன்’ என்பதும் வடமொழித் ‘தக்ஷன்’ என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. தமிழின் ‘தச்சன்’ அந்த வடமொழிச் சொல்லின் வழி வந்தது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். வந்தது எப்படியானாலும் வெகுகாலத்துக்கு முன்பே வந்துவிட்டது. புறநானூற்றில் ஔவையார் பாடலிலேயே தச்சன் தேர் செய்கிறான்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ‘வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன்’ என்ற பெயர் இருக்கிறது. பெரும் கூட்டல் தச்சன். ஆர்க்கி கூட்டல் தெக்தோன். ஒன்றையொன்று பார்க்காமலேயே இரண்டு மொழிகளும் ஒரே முறையில் இந்தப் பட்டத்தைக் கட்டியிருக்கின்றன. இரண்டிலும் முன்பாதி பதவி, பின்பாதி கைவேலை.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் யாரையெல்லாம் ‘ஆர்க்கிடெக்டோன்’ என்றார் என்று பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. சாமோஸ் தீவில் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர மலையைக் குடைந்த மெகாரா ஊர் யூபலினோஸ் ஒருவர். ஆயிரம் மீட்டருக்குச் சற்று அதிகமான அந்தச் சுரங்கத்தை மலையின் இரு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சேர்த்தார்கள். பாரசீக மன்னன் டேரியஸின் படை கடப்பதற்காக பாஸ்பரஸ் நீரிணைமேல் பாலம் போட்ட மாண்ட்ரோக்ளிஸ் இன்னொருவர். கோயில் கட்டியவரையும் அவர் அப்படித்தான் அழைக்கிறார். ஆனால் சுரங்கக்காரரும் பாலக்காரரும் அந்த வரிசையில் சமமாக நிற்கிறார்கள். தண்ணீர் வர வேண்டும், படை கடக்க வேண்டும் என்று யாரோ ஒருவருக்கு ஒரு தேவை இருந்தது. அதை முடித்துக் கொடுத்தவருக்கு இந்தப் பெயர்.

பெயர் வீட்டுக்கும் மாளிகைக்கும் உரியதாகச் சுருங்கியது பிறகுதான். ரோமானியர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய பத்துப் பகுதி நூல், கட்டுமானத்துக்கு உறுதி, பயன், அழகு என மூன்று இலக்கணம் வகுத்தது. தண்ணீர்க் குழாய்க்கும் போர்க்கருவிக்கும் அவர் நூலில் இடம் இருந்தது. மறுமலர்ச்சிக் காலம் அந்த நூலைத் தூக்கிப் பிடித்தபோது அழகுக்குத்தான் முதல் மரியாதை. ஜான் ஷூட் என்ற ஓவியர் 1563-இல் ஆங்கிலத்தில் இத்துறைக்கு முதல் நூல் எழுதியபோது, அது பெரிதும் தூண்களின் வகைகளைப் பற்றியதாக இருந்தது.

இனி நேராக 1959-க்குத் தாவலாம். இடம் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம். அன்றைக்கு உலகின் வேகமான கணினியாக இருக்க வேண்டும் என்ற ஆசையோடு ‘ஸ்ட்ரெச்’ என்ற இயந்திரத்தை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றிய உள்குறிப்பொன்றில் லைல் ஜான்சன் ‘சிஸ்டம் ஆர்க்கிடெக்சர்’ என்று எழுதினார். இயந்திரத்தின் உள்விவரங்களில் இறங்காமல், அதன் அமைப்பைப் பொதுவாகச் சொல்ல அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அதே திட்டத்தைப் பற்றி 1962-இல் வெளியான நூலில் பிரெடெரிக் புரூக்ஸ் ஓர் அத்தியாயத்தை இந்தச் சொல்லை வைத்தே தொடங்கினார். பயன்படுத்துபவரின் தேவையைக் கண்டறிந்து, பணமும் தொழில்நுட்பமும் இடம் கொடுக்கும் அளவுக்குள் அதை நிறைவேற்றுவதே எந்த ஆர்க்கிடெக்சருக்கும் வேலை என்பது அவர் கொடுத்த விளக்கத்தின் சாரம். யூபலினோஸுக்கு இது சட்டென்று புரிந்திருக்கும்.

சொல்லுக்கு அச்சாணி அடித்தது 1964 ஏப்ரல் 7 அன்று அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360. அதற்கு முன் ஐ.பி.எம். விற்ற கணினிகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. சின்ன இயந்திரம் வாங்கிய வாடிக்கையாளர் வியாபாரம் பெருகிப் பெரிய இயந்திரத்துக்கு மாற நினைத்தால், எழுதி வைத்த புரோகிராம்களை எல்லாம் முதலிலிருந்து மாற்றி எழுத வேண்டும். அந்தச் செலவைச் செய்வதற்குப் பதில் வேறு நிறுவனத்தின் கணினியையே வாங்கிவிடலாமே என்று அவருக்குத் தோன்றுவதில் தவறில்லை. இந்த வியாபார நெருக்கடிக்கு விடையாகத்தான் சிறியது முதல் பெரியது வரை ஒரே கட்டளைத் தொகுதியைப் புரிந்துகொள்ளும் ஒரு குடும்பத்தை ஐ.பி.எம். திட்டமிட்டது. 500 கோடி டாலர் சூதாட்டம் என்று ஃபார்ச்சூன் இதழ் அதற்குப் பெயர் வைத்தது.

அறிவிப்பு வந்த மாதமே, சிஸ்டம்/360-ஐ வடிவமைத்த ஆம்டால், பிளாவ், புரூக்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் ஆர்க்கிடெக்சருக்கு எல்லை கட்டினார்கள். புரோகிராம் எழுதுபவரின் கண்ணுக்கு இயந்திரம் எப்படித் தெரிகிறதோ, அதுதான் ஆர்க்கிடெக்சர். உள்ளே எத்தனை சுற்றுகள், எந்த வழியில் மின்சாரம் ஓடுகிறது என்பதெல்லாம் வேறு கணக்கு. ஹெரிட் பிளாவ் இதற்குக் கடிகாரத்தை எடுத்துக்காட்டினார். முகப்பும் முட்களும் சாவியும் அதன் ஆர்க்கிடெக்சர். கைக்கடிகாரத்தில் மணி பார்க்கக் கற்ற குழந்தை, கோபுரத்தின் மணிக்கூண்டிலும் பார்த்துவிடும். உள்ளே ஓடும் சக்கரங்கள் என்னவாக இருந்தால் குழந்தைக்கு என்ன?

பட்டம் கணினித்துறைக்குக் கொண்டுவந்த சரக்கு இதுதான். ‘என்ன வேண்டும்’ என்பதை ‘எப்படிச் செய்வது’ என்பதிலிருந்து பிரிப்பது. முதல் கேள்விக்கு வெளியே நிற்பவரின் சார்பில் பதில் சொல்ல ஒருவரை நியமிப்பது. ஆர்க்கிடெக்ட் என்பவர் பயன்படுத்துபவரின் பிரதிநிதி என்று புரூக்ஸ் பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார்.

அதன்பின் பெயருக்கு முன்னால் அடைமொழிகள் சேரத் தொடங்கின. ஒவ்வொரு அடைமொழியையும் ‘இப்போது யார் கண்ணால் பார்க்கிறோம்?’ என்ற கேள்விக்கான பதிலாகப் படிக்கலாம். 1964-இல் அந்தக் கண் புரோகிராமருடையது. 1969-இல் ரோமில் நடந்த மென்பொருள் பொறியியல் மாநாட்டில் இயன் ஷார்ப், மென்பொருளுக்கும் பொறியியலிலிருந்து வேறான ஓர் ஆர்க்கிடெக்சர் உண்டு என்று பேசினார். 1992-இல் ஆய்வாளர்கள் பெரியும் வுல்ஃபும் எழுதிய கட்டுரை அதை ஓர் ஆய்வுத்துறையாக நிறுத்தியது. இடையில் 1987-இல் ஐ.பி.எம்.மின் ஜான் ஸாக்மன் கட்டடத் தொழிலுக்கே திரும்பிப் போய்ப் பார்த்தார். ஒரே வீட்டுக்கு உரிமையாளர் கையில் ஒரு வரைபடம், வடிவமைப்பாளர் கையில் வேறொன்று, ஒப்பந்தக்காரர் கையில் இன்னொன்று. தகவல் அமைப்புக்கும் அப்படிப் பல கண்கள் உண்டு என்று அவர் போட்ட கட்டங்களிலிருந்து ‘என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்’ வளர்ந்தது. இங்கே பார்வை முழு நிறுவனத்துடையது. அமெரிக்காவில் 1996-இல் வந்த கிளிங்கர்-கோஹன் சட்டம், அரசுத் துறைகளின் தலைமைத் தகவல் அதிகாரிக்கு இந்த வேலையைக் கடமையாகவே ஆக்கியது.

கடைசியாக வந்த அடைமொழி ‘சொல்யூஷன்’. லத்தீனில் ‘சோல்வெரெ’ என்றால் அவிழ்த்தல். கடனை அடைத்தல் என்றும் பொருள். திவாலானவரை ‘இன்சால்வென்ட்’ என்பது இந்த வேரிலிருந்துதான். நம் ‘தீர்’ என்ற வினையும் இப்படிப்பட்டதே. கடன் தீர்கிறது, நோய் தீர்கிறது, வழக்கு தீர்கிறது. தீர்வதற்கு முதலில் ஒரு கட்டு இருந்தாக வேண்டும் என்பது இரண்டு சொற்களிலும் அடங்கியிருக்கிறது. விற்பனைக்காரர்கள் கையில் சிக்கிய பிறகு ‘சொல்யூஷன்’ அந்தக் கட்டை மறந்துவிட்டது. இன்று எந்த மென்பொருள் பெட்டிக்கும் அதுதான் பெயர்.

நல்ல சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட் அதைத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவருகிறவர். நான்கு ஊரில் கடை வைத்திருக்கும் ஜவுளிக்காரர் ஒருவர் ‘ஆப் வேணும்’ என்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த மொழியில் எழுதுவது, எந்த கிளவுடில் வைப்பது என்று உடனே பேச ஆரம்பித்தால் வேலை கெட்டது. எதற்கு ஆப் என்று கேட்டால், மதுரைக் கடையில் இல்லை என்று திருப்பி அனுப்பிய சேலை சேலம் குடோனில் தூங்குகிறது என்ற உண்மை வெளியே வருகிறது. ஒரே சேலைக்கு நான்கு கடையிலும் நான்கு கோட் எண். முதல் வேலை அதை ஒன்றாக்குவது. அடுத்தது பில் போட்டதும் எல்லாக் கடைக்கும் ஸ்டாக் குறைந்து காட்டுவது. தீபாவளி வாரத்தில் நிமிடத்துக்கு எத்தனை பில், நடுவில் நெட் போனால் பில் நிற்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது. பாதிப் பிரச்சினை ஆப் இல்லாமலே தீர்ந்துவிடும். இருக்கும் பில்லிங் மென்பொருளைத் தூக்கி எறிய வேண்டியதும் இராது.

இந்தக் கேள்விகளை ஒருவரும் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.காவ் சாட்சி. 36 மாநில மக்கள் மருத்துவக் காப்பீடு வாங்குவதற்கான அந்தத் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் ஆறே பேர். ஒரே நேரத்தில் அறுபதாயிரம் பேர் வரை எதிர்பார்த்தோம், இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். கூட்டம் மட்டும் காரணமில்லை. விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன்பே கணக்குத் தொடங்கியாக வேண்டும் என்று ஏற்பாடு இருந்தது. கடைக்குள் எட்டிப் பார்க்க வந்தவர்களையும் கல்லாவில் வரிசை கட்ட வைத்ததில் அந்த வாசலே அடைத்துக்கொண்டது. பல ஒப்பந்தக்காரர்கள் ஆளுக்கொரு பகுதியைக் கட்டினார்கள். முழுமைக்கும் பொறுப்பேற்க ஒரே கை இல்லை. அந்த மாதக் கடைசியில் சரிசெய்ய இறங்கியபோது அரசு முதலில் செய்தவற்றுள் ஒன்று, கியூ.எஸ்.எஸ்.ஐ. நிறுவனத்தை ‘ஜெனரல் கான்ட்ராக்டர்’ ஆக்கியது. மென்பொருள் இடிந்து விழுந்த நேரத்தில் கைகொடுக்க வந்ததும் கட்டடத் தொழிலின் சொல்தான்.

பட்டத்துக்கு மதிப்பு ஏறினால் உரிமைச் சண்டையும் வரும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்டுகள் சட்டப்படி, பதிவு செய்யாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. நிலவமைப்பு ஆர்க்கிடெக்டுக்கும் கப்பல் ஆர்க்கிடெக்டுக்கும் விலக்கு உண்டு. பிரிட்டனின் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களோடு கோல்ஃப் மைதான ஆர்க்கிடெக்டுக்கும் விலக்கு கொடுக்கிறது. இரண்டு பட்டியலிலும் கணினிக்காரர் பெயர் இல்லை. அதற்காகக் கணினிக்காரர்கள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. 2000-இல் பில் கேட்ஸ் தலைமைச் செயல் பொறுப்பை விட்டு இறங்கியபோது தனக்கு எடுத்துக்கொண்டது ‘தலைமை மென்பொருள் ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயர். சொல்லிலேயே ஒரு தலைமை இருக்க, அதன் தலையில் இன்னொரு தலைமை! 2013-இல் அமேசான் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் என்று ஒரு தேர்வையே தொடங்கியது. எழுதித் தேறினால் சான்றிதழ் கிடைக்கும்.

கணினிக்காரர்கள் இந்தப் பெயரைத் திருடிவிட்டார்கள் என்று கட்டடக் கலைஞர்கள் சொன்னால் ஹெரோடோட்டஸ் ஒப்புக்கொள்ள மாட்டார். சுரங்கத்துக்கும் பாலத்துக்கும் இருந்த உரிமை மென்பொருளுக்கும் உண்டு. ஆனால் உரிமையோடு நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது. யூபலினோஸின் வேலைக்குச் சான்று, ஊருக்குள் தண்ணீர் வந்தது. சிஸ்டம்/360-க்குச் சான்று, வாடிக்கையாளர் பழைய புரோகிராமைப் புதிய இயந்திரத்தில் அப்படியே ஓட்டினார். வரைபடத்தில் எத்தனை பெட்டி, எத்தனை அம்புக்குறி என்பதை வைத்து இந்தப் பட்டத்தை அளக்க முடியாது. யாருக்காகக் கட்டினோமோ அவருடைய வேலை எளிதானதா என்று பார்க்க வேண்டும். ஜவுளிக்காரர் மதுரையில் கேட்ட சேலையை சேலத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தாரா? கொடுத்திருந்தால் அந்த ஆள் ஆர்க்கிடெக்ட்தான், சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.