சேலம் வட்டாரத்தில் பௌத்தம்: சிலையும் சீலமும்

சேலம் மாவட்டத்தில் பௌத்தம் வழங்கியதற்கு இன்று கண்ணால் காணக்கூடிய சான்றுகள் கற்சிலைகளே. ஆத்தூருக்குக் கிழக்கே தியாகனூரில் உள்ள புத்தர் சிலைகளும், சேலம் நகரில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பட்ட சிலையும் அவற்றுள் முதன்மையானவை. ஆனால் ஒரு சமயத்தின் வரலாறு சிலைகளோடு முடிவதில்லை. அச்சிலைகளைச் செய்து வைத்த மக்கள் எவ்வாறு உண்டார்கள், உழைத்தார்கள், பொருள் ஈட்டினார்கள், பிறரோடு பழகினார்கள் என்பதும் அதன் பகுதியாகும். இக்கட்டுரை இவ்வட்டாரச் சிலைகளின் வரலாற்றையும், பௌத்தம் இல்லறத்தாருக்கு வகுத்த அன்றாட வாழ்க்கை நெறியையும் சேர்த்துக் கூறுகிறது.

தியாகனூர்ப் புத்தர்

வசிட்ட நதி பாயும் ஆத்தூர், தலைவாசல் பகுதி இடைக்காலத்தில் மகதை மண்டலம் எனப்பட்டது. வாணகோவரையர் என்னும் சிற்றரசர்கள் ஆறகழூரைத் தலைநகராகக் கொண்டு இதனை ஆண்டனர். அந்த ஆறகழூருக்கு அருகில் உள்ள சிற்றூர் தியாகனூர். இங்கு இரண்டு புத்தர் சிலைகள் உள்ளன. தியானத்தில் அமர்ந்த நிலையில் உள்ள பெரிய சிலை தமிழகத்தின் பெரிய புத்தர் சிலைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

தியாகனூரின் சிறப்பு சிலையின் அளவில் மட்டும் இல்லை. தமிழகத்தின் பல ஊர்களில் புத்தர் வேறு பெயர் பெற்றுவிட்ட நிலையில், இவ்வூரார் அவரைப் புத்தர் என்றே அறிந்து போற்றுகின்றனர். சிலைக்கு மண்டபம் எழுப்பி, அமைதியாக அமர்ந்து தியானம் செய்யவும் இடம் செய்திருக்கிறார்கள்.

தலைவெட்டி முனியப்பன்

சேலம் நகரின் கோட்டைச் சாலைப் பகுதியில், பெரியேரி கிராமத்தில் 26 சென்ட் நிலத்தில் அமைந்தது தலைவெட்டி முனியப்பன் கோயில். தலை துண்டிக்கப்பட்ட நிலையில் இருந்த சிலையாதலால் இப்பெயர் வழங்கிற்று. இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் இருந்த இக்கோயிலில் உள்ளது புத்தர் சிலையே என்று கூறி, சேலத்தைச் சேர்ந்த பௌத்த அறக்கட்டளை ஒன்று 2011 இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. சிலையை ஆராய்ந்து அறிக்கை தருமாறு நீதிமன்றம் தொல்லியல் துறைக்கு உத்தரவிட்டது.

வல்லுநர் குழுவின் அறிக்கை கூறிய செய்திகள் வருமாறு: சிலை கடினமான கல்லால் ஆனது. தாமரைப் பீடத்தில் அர்த்தபத்மாசனத்தில் அமர்ந்து, கைகள் தியான முத்திரையில் உள்ளன. சுருள்முடி, உச்சியில் உஷ்ணீஷம் என்னும் முடிமேடு, நீண்ட காதுமடல் ஆகிய புத்தருக்குரிய இலக்கணங்கள் காணப்படுகின்றன. நெற்றியில் ஊர்ணா என்னும் திலகக்குறி தென்படவில்லை. தலை உடலிலிருந்து வெட்டப்பட்டு, பிற்காலத்தில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த கலவையால் ஒட்டப்பட்டுள்ளது.

இவ்வறிக்கையை ஏற்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தார். சிலை புத்தருடையது, அதனைத் தொடர்ந்து முனியப்பனாகக் கருதுவது பொருந்தாது, இடத்தைத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் எடுக்க வேண்டும், இது புத்தர் சிலை என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், பொதுமக்கள் வந்து காணலாம், ஆனால் பூசை முதலிய சடங்குகளுக்கு இடமில்லை என்பன அத்தீர்ப்பின் சாரம்.

புத்தர் முனியான வரலாறு

புத்தர் எவ்வாறு முனியப்பன் ஆனார் என்னும் கேள்வி எழுவது இயல்பு. முனி என்ற சொல்லே இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. சாக்கிய முனி என்பது புத்தரின் பெயர்களுள் ஒன்று. துறவியைக் குறிக்கும் அச்சொல், பௌத்தர் ஊரை விட்டு மறைந்த பின், ஊர் காக்கும் காவல் தெய்வத்தின் பெயரோடு கலந்திருக்கலாம். சோழ நாட்டு ஊர்கள் சிலவற்றிலும் புத்தர் சிலைகளைப் பகவர், ரிஷி, செட்டியார் என்னும் பெயர்களால் மக்கள் வழிபட்டு வந்துள்ளனர்.

இத்தகைய மாற்றங்களைத் தொகுத்து ஆராய்ந்தவர்களுள் முன்னோடி மயிலை சீனி. வேங்கடசாமி. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே இவ்வாய்வைச் செய்தவர் அவர். 1940 இல் வெளிவந்த அவருடைய 'பௌத்தமும் தமிழும்' என்னும் நூல், பௌத்தக் கோயில்கள் பலவும் பிற்காலத்தில் வேறு தெய்வங்களின் கோயில்களாக மாறின என்ற கருத்தை முன்வைத்தது.

ஊர்ப்புறத்தில் பழைய சிலை ஒன்றைக் காண்போர் சமண தீர்த்தங்கரரையும் புத்தரையும் ஒன்றாகக் கருதிவிடுவது உண்டு. இருவரும் தியானத்தில் அமர்ந்திருப்பர். தலைக்கு மேல் முக்குடை இருந்தாலும், மேனியில் ஆடை இல்லாதிருந்தாலும் அது பெரும்பாலும் தீர்த்தங்கரர். துவராடையின் மடிப்பும் உச்சியில் முடிமேடும் தெரிந்தால் அது புத்தர். அதியமான் மரபினர் ஆண்ட தகடூர்ப் பகுதியில் சமணமும் செழித்திருந்ததால் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது இவ்வட்டாரத்தில் மிகவும் தேவை.

பௌத்த மறுமலர்ச்சி

மறைந்துபோன பௌத்தத்தைத் தமிழ் மக்களிடையே மீண்டும் வாழ்க்கை நெறியாக்க முயன்றவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914). அவர் 1898 இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழை நடத்தினார். அவரது சங்கம் கோலார் தங்கவயலிலும், அக்காலத்தில் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த திருப்பத்தூரிலும் கிளை பரப்பியது. சாதி இழிவைச் சுமந்த மக்களுக்குப் பௌத்தம் தன்மதிப்பை மீட்கும் வழியாகவும், ஒழுங்குபட்ட இல்வாழ்வாகவும் ஒருசேர அமைந்தது.

1956 அக்டோபர் 14 இல் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது, அவரைப் பின்பற்றியோர் ஏற்ற உறுதிமொழிகளில் பஞ்சசீலமும் எண்வழிப் பாதையும் இடம்பெற்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பௌத்தர் சுமார் 11,000 பேரே. எண்ணிக்கை சிறிதெனினும், சிலைகளைத் தேடிக் காக்கும் ஆர்வம் பெரும்பாலும் இம்மறுமலர்ச்சி மரபிலிருந்தே வருகிறது.

இல்லறத்தாருக்கு உரைத்த நெறி

பௌத்தம் துறவியருக்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. பாலி நூல்களில் உழவர், வணிகர், குடும்பத் தலைவர் ஆகியோருக்குப் புத்தர் கூறிய அறிவுரைகள் மிகுதியாக உள்ளன.

அவற்றுள் ஒன்று தீகஜாணு என்பவனுக்கு உரைத்தது. கோலியர் குலத்தைச் சேர்ந்த அவன், தாங்கள் மனைவி மக்களோடு வாழ்பவர்கள், சந்தனமும் மாலையும் அணிபவர்கள், பொன்னும் வெள்ளியும் கையாள்பவர்கள் என்று கூறி, தங்களுக்கு ஏற்ற அறம் எது என்று கேட்டான். புத்தர் நான்கு பண்புகளைச் சொன்னார். தொழிலில் சோம்பாத முயற்சி, நேர்மையாக ஈட்டியதைப் பாதுகாத்தல், நல்லோர் நட்பு, வரவறிந்து வாழும் சமநிலை வாழ்வு என்பன அவை.

நான்காவது பண்புக்கு அவர் காட்டிய உவமை தராசு. தராசைப் பிடித்தவன் எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு உயர்ந்தது என்று அறிவதுபோல, இல்லறத்தான் தன் வரவையும் செலவையும் அறிந்து, மிகுந்த ஆடம்பரமும் மிகுந்த கஞ்சத்தனமும் இன்றி வாழ வேண்டும் என்பது கருத்து. வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்பெற்ற சேலத்தில் இவ்வுவமைக்கு விளக்கம் தேவையில்லை. கொலுசுப் பட்டறையில் ஒரு கிராம் ஏறினாலும் இறங்கினாலும் தராசு காட்டிவிடும்.

அதே உரையில் ஏரி உவமையும் வருகிறது. நான்கு வரத்து வாய்க்கால்களும் நான்கு மதகுகளும் உள்ள ஏரியில், வரத்தை அடைத்து மதகைத் திறந்துவிட்டால், மழையும் பொய்த்துவிட்டால் நீர் வற்றிப்போகும். செல்வத்துக்குப் பெண்பித்து, குடி, சூது, தீயோர் நட்பு ஆகிய நான்கும் திறந்த மதகுகள். ஏரிப்பாசனத்தை நம்பி வாழ்ந்த ஊர்களுக்கு இதைவிடத் தெளிவாக எவரும் பொருளாதாரம் கற்பிக்க முடியாது.

சிகாலன் என்னும் இளைஞனுக்குக் கூறிய உரை மற்றொன்று. தந்தை சொற்படி ஈர உடையோடு ஆறு திசைகளையும் அவன் வணங்கக் கண்ட புத்தர், திசை வணக்கத்துக்குப் புதுப்பொருள் தந்தார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை பணியாளர், மேல்திசை துறவியர். ஒவ்வொரு திசைக்கும் இருதரப்புக் கடமைகள் உண்டு. மாணவன் ஆசிரியரை மதித்துக் கற்க வேண்டும் என்பதோடு நில்லாமல், ஆசிரியர் மாணவனுக்கு நன்கு விளங்கும்படி கற்பிக்க வேண்டும் என்றும் அவ்வுரை விதிக்கிறது.

பணியாளருக்கு அவரவர் ஆற்றலுக்கு ஏற்ற வேலை, உணவும் கூலியும், நோயுற்றால் கவனிப்பு, உரிய நேரத்தில் ஓய்வு ஆகியவற்றை முதலாளி தர வேண்டும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுவோருக்கும், நாமக்கல்லில் லாரிக்கூடு கட்டும் தொழிலாளருக்கும் இன்றும் பொருந்தும் அறம் இது.

கடைப்பிடி என்னும் சொல்

எண்வழிப் பாதையின் ஏழாம் உறுப்பைத் தமிழ்ப் பௌத்த நூல்கள் நற்கடைப்பிடி என்று குறிக்கின்றன. இன்று நாம் கடைப்பிடித்தல் என்றால் பின்பற்றுதல் என்று மட்டும் கொள்கிறோம். பழைய உரையாசிரியர்கள் கொண்ட பொருளை மறவாமையே கடைப்பிடி என்றனர். நடக்கும்போது நடப்பதையும், உண்ணும்போது உண்பதையும், சினம் எழும்போது சினம் எழுவதையும் மறவாது அறிந்திருத்தலே பௌத்தம் கூறும் விழிப்பு. இதற்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. கைத்தறியில் அமர்ந்தவருக்கு இது புரியும். நாடா ஓடும்போது கவனம் பிசகினால் இழை அறும். அறுந்ததை உடனே கண்டால் முடிந்துவிடலாம், காணாது விட்டால் துணியில் பழுதாகும்.

அளவறிந்த முயற்சிக்கும் புத்தர் ஓர் உவமை கூறினார். கால் புண்ணாகும் அளவுக்கு நடந்து தியானம் பயின்று மனம் சோர்ந்த சோணன் என்னும் துறவி, இல்லறத்தில் வீணை வாசித்தவன். நரம்பை மிக முறுக்கினாலும் தளர்த்தினாலும் இசை பிறவாது என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைத்து, முயற்சிக்கும் அதே அளவு வேண்டும் என்றார். நடுவழி என்பதன் பொருள் இதுவே.

ஐந்தாம் சீலமும் மதுவிலக்கும்

கொல்லாமை, களவு செய்யாமை, பிழையான காமம் தவிர்த்தல், பொய்யாமை, கள்ளுண்ணாமை என்பன பஞ்சசீலம். இவற்றுள் ஐந்தாவதற்குச் சேலம் வரலாற்றில் ஒரு தனித் தொடர்பு உண்டு. இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோட்டுப் பகுதியில் 1925 இல் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, அங்கிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் இதழை நடத்தினார். அவர் சென்னை மாகாணப் பிரதமரானபோது, 1937 அக்டோபர் 1 இல் மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தார். 1948 இல் மாகாணம் முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது. 1971 இல் தளர்த்தப்பட்டது.

இது பௌத்த இயக்கம் அன்று. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்தது. அரசாணை வெளியிலிருந்து வருவது. அரசு மாறினால் ஆணையும் மாறும். சீலமோ ஒருவன் தானே ஏற்கும் பயிற்சி. பஞ்சசீலத்தின் பாலி வாசகம் செய்யாதே என்று கட்டளையிடுவதில்லை. தவிர்க்கும் பயிற்சியை மேற்கொள்கிறேன் என்று தன்மையில் பேசுகிறது. தவறினால் மறுநாள் மீண்டும் ஏற்கலாம். குடியால் குலைந்த வீடுகளைக் கண்ட எவருக்கும் இவ்வேறுபாட்டின் அருமை தெரியும்.

சிலைக்கு அப்பால்

பெரியேரிச் சிலை குறித்த வழக்கில் இரு தரப்பு மக்களின் உணர்வுகளும் அடங்கியுள்ளன. தம் முன்னோர் அடையாளத்தை இழந்து, நெடுங்காலத்துக்குப் பின் மீட்டவர்கள் ஒருபுறம். தலைமுறையாக முனியப்பன் என்று நம்பி விளக்கேற்றி, பிள்ளைகளுக்கு முடியெடுத்து, துன்பம் வந்தபோது ஓடிவந்து நின்ற குடும்பங்கள் மறுபுறம். வரலாற்று உண்மையை நிலைநாட்டுவது கடமை. அதன்பொருட்டு எளிய மக்களின் பக்தியை இகழ்வது அக்கடமையின் பகுதி ஆகாது. தலை ஒட்டப்பட்ட அந்தச் சிலை இன்றுவரை நிலைத்ததற்கு, முனியப்பன் என்று கும்பிட்ட மக்களின் பாதுகாப்பும் ஒரு காரணம்.

பௌத்த நாடுகளில் புத்தர் சிலைமுன் பூவும் விளக்கும் வைப்பது உண்டு. அது வரம் வேண்டி அன்று; அவர் காட்டிய நெறியை நினைவில் இருத்துவதற்காக. பூ வாடுவதைக் கண்டு நிலையாமையை எண்ணுவது அவ்வழக்கத்தின் உட்பொருள். அந்நெறிக்குப் பூசை உரிமையோ நீதிமன்ற உத்தரவோ தேவையில்லை. தியாகனூர் மண்டபத்தில் சிறிது நேரம் அமைதியாக அமர்ந்து எழுபவரும், பெரியேரியில் பலகையைப் படித்துவிட்டுத் திரும்புபவரும், அன்று மாலை வீட்டில் சினத்தை ஒரு கணம் அறிந்து அடக்கினால், கடையில் எடையைச் சரியாக நிறுத்தால், பணியாளின் கூலியைத் தாழ்த்தாது கொடுத்தால், அச்சிலைகளைச் செய்தவர்களின் நெறி இவ்வட்டாரத்தில் இன்னும் வழக்கில் இருக்கிறது என்று கொள்ளலாம்.