செடார் மலையிடுக்கும் அதன் காவலும்

தோட்டத் துரைமாரின் மேசையிலே நாம் கண்ட செடார் என்னும் பாலாடைக் கட்டிக்குப் பெயர் தந்த ஊர், இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட் சீமையில் உள்ளது. ஊரை அடுத்து, மெண்டிப் குன்றுகளைப் பிளந்துகொண்டு ஒரு மலையிடுக்குச் செல்கின்றது. சுண்ணாம்புப் பாறை சுமார் 450 அடி உயரம் எழுந்து நிற்க, அடியிலே வண்டிச்சாலை வளைந்து செல்கின்றது. எந்தப் பூதமும் பிளந்ததன்று. பனியூழிகளில் நிலம் உறைந்து கிடந்தபோது, உருகிய பனிநீர் உள்ளே இறங்க வழியின்றி மேலோடி அறுத்த பள்ளமே இது. இங்குள்ள குகையொன்றில் 1903ஆம் ஆண்டு கிடைத்த எலும்புக்கூட்டுக்குரிய மனிதன் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன்.

இவ்வளவு காலம் நின்ற பாறை விழுவானேன்? சாய்த்து வைத்த ஏடுகளைப்போல் பாறையின் படுகைகள் தெற்கு நோக்கிச் சரிந்துள்ளன. தென்புறச் சுவரில் அவை சாலையைவிட்டு உள்நோக்கிச் சாய்வதால் செங்குத்தாக நிற்கக் கூடுகின்றது. வடபுறத்திலோ சாலையை நோக்கியே சாய்கின்றன. அடியை வெட்டினால் மேற்படுகை வழுக்கி வராமல் என் செய்யும்? மலைச்சரிவில் பாதை வெட்டுவித்த கிராணிமார் எவரும் இதனை அறிவர். அறிந்தோ அறியாமலோ, கல்லுடைக்கும் முதலாளிகள் அந்த வடபுறத்தையே வெட்டுவித்தனர். 1906ஆம் ஆண்டு பெரும் பாறைச்சரிவு நிகழ்ந்தது. 1910இல் வடபுற நிலம் நேஷனல் டிரஸ்டு என்னும் காப்புக் கழகத்தின் கைக்கு வந்தது.

வெட்டு நின்றதே யன்றி ஆபத்து நிற்கவில்லை. வெடிப்பில் புகுந்த மழைநீர் குளிரில் உறைந்து பருத்துக் கல்லை நெம்புகின்றது. செடிகொடிகளின் வேரும் அதே வேலையைச் செய்கின்றது. ஆகையால் குளிர்காலத்திலே சாலையை அடைத்துவிட்டு, உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கும் தொழிலாளர் ஆடும் கற்களைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளுகின்றனர், புதர்களையும் வெட்டுகின்றனர். எல்லாவற்றையும் வெட்டிவிடவும் இயலாது. பிரிட்டனிலே இயற்கையாய் இங்கு மட்டுமே பூக்கும் செடார்ப் பிங்க் என்னும் சிறுமலர் அப்பாறை இடுக்கிலேதான் வாழ்கின்றது. எதனை வெட்டுவது, எதனை விடுவது என்று கயிற்றில் தொங்குபவன் அறிந்திருக்க வேண்டும்!

1992ஆம் ஆண்டில் சோவே என்னும் பழைய இனச் செம்மறிகளை இங்கே மேயவிட்டனர், வெள்ளாடுகளும் மேய்கின்றன. மனிதன் கால் வைக்கத் தயங்கும் விளிம்புகளில் ஏறி, புதரின் தளிரை அவை கடித்துவிடுகின்றன. குகை காண வருவோர் அந்த ஆடுகளைக் கண்டு மகிழ்கின்றனர். கடப்பாரைக்காரனை அவர்கள் காண்பதில்லை. அவன் இறங்கும் நாளில் சாலை அடைபட்டிருக்கும்.